ஜெனரேட்டர், பம்பு கார்புரேட்டர் அடைத்துக்கொண்டால்: கழற்றிச் சுத்தம் செய்து மாட்டும் முறை

மே மாதம் மழை பிடித்ததும் கொட்டகையில் தள்ளிய தண்ணீர் பம்பைக் கோடை நெல்லுக்கு இறைக்க வெளியே எடுத்தால், கயிறு இழுத்துத் தோள் வலிப்பதுதான் மிச்சமாக இருக்கும். வீட்டு ஜெனரேட்டரும் அப்படித்தான். இரண்டு மாதம் கரண்ட் ஒழுங்காக வந்தால் அது மூலையில் கிடக்கும். பிறகு ஒருநாள் கரண்ட் போகும்போது கிளம்ப மறுக்கும். இந்த மாதிரி நின்றுபோன எஞ்சின்களில் பெரும்பாலானவற்றுக்கு எஞ்சினில் கோளாறே இருக்காது. பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டருக்குள் ஒரு மில்லிமீட்டரைவிடச் சிறிய ஒரு துளை அடைத்திருக்கும். ஒரு பகல் பொழுது ஒதுக்கினால் வீட்டிலேயே சரிசெய்துவிடலாம்.

இங்கே சொல்வது 2 முதல் 3 கிலோவாட் வரை உள்ள பெட்ரோல் ஜெனரேட்டர்களுக்கும், இரண்டு அங்குல, மூன்று அங்குல பம்புகளுக்கும் பொருந்தும். பர்மாவில் ஓடும் இந்த அளவு எஞ்சின்களில் பல, ஹோண்டா ஜி.எக்ஸ். 160 அல்லது அதே அமைப்பில் சீனாவிலிருந்து வரும் 168 எஃப் வகை. பெயர்ப்பலகை எதுவானாலும் உள்ளே கார்புரேட்டர் ஏறக்குறைய ஒன்றுதான். தோளில் மாட்டிப் புல் வெட்டும் மெஷின், மரம் அறுக்கும் மெஷின் போன்றவற்றில் ஃபுளோட் (பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவை) இருக்காது, ரப்பர் டயாஃப்ரம் (சவ்வு) இருக்கும். அதற்கு இந்த முறை உதவாது.

முதலில் கார்புரேட்டர்தானா என்று பாருங்கள்

ஸ்பேனரை எடுப்பதற்கு முன் ஆயிலைப் பாருங்கள். இந்த எஞ்சின்களில் பலவற்றில் ஆயில் சென்சார் உண்டு. ஆயில் குறைந்தால் அது தீப்பொறியை நிறுத்திவிடும். எத்தனை முறை கயிறு இழுத்தாலும் கிளம்பாது. மெஷினைச் சமதரையில் வைத்து ஆயில் மூடியைத் திறந்தால், ஆயில் அந்த வாயின் விளிம்புவரை நிற்க வேண்டும். மொத்தக் கொள்ளளவே சுமார் 0.6 லிட்டர்தான் என்பதால் கொஞ்சம் குறைந்தாலும் சென்சார் பிடித்துக்கொள்ளும். நல்ல கார்புரேட்டரைக் கழற்றி மாட்டிவிட்டு, கடைசியில் அரைக் கோப்பை ஆயில் ஊற்றியதும் கிளம்பிய மெஷின்கள் ஏராளம்.

அடுத்து பிளக். சோக்கை (காற்றைக் குறைக்கும் தட்டு) மூடி ஐந்தாறு முறை கயிறு இழுத்துவிட்டு, 21 நம்பர் பிளக் ஸ்பேனரால் பிளக்கைக் கழற்றுங்கள். முனை காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, தீப்பொறியைத்தான் சந்தேகிக்க வேண்டும். பிளக்கை அதன் கேப்பில் செருகி, பிளக்கின் இரும்பு உடலை எஞ்சின் இரும்பில் தொட வைத்துக் கயிறு இழுத்தால் நீலப் பொறி தெரியும். இதைப் பிளக் துளைக்குப் பக்கத்தில் செய்யாதீர்கள். அங்கிருந்து வெளியே வரும் பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ளும். பிளக் இடைவெளி 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர் இருக்கட்டும்.

பொறி நன்றாக வருகிறதா? பிளக் துளைக்குள் அரை டீஸ்பூன் பெட்ரோல் விட்டு, பிளக்கை முறுக்கி, கேப்பை மாட்டி இழுங்கள். இரண்டு மூன்று விநாடி ஓடி நின்றால் எஞ்சின் நல்லபடியாக இருக்கிறது, பெட்ரோல் வரும் வழியில்தான் கோளாறு என்பது உறுதி.

கிளம்புகிற எஞ்சினாக இருந்தால் அதன் ஓட்டமே காட்டிக்கொடுக்கும். சோக் போட்டால் மட்டும் ஓடி, சோக்கைத் திறந்ததும் நிற்கிறது என்றால் பெட்ரோலை அளந்து விடும் சிறு துளைகளான மெயின் ஜெட்டிலோ பைலட் ஜெட்டிலோ அடைப்பு. லோடு இல்லாதபோது ரேஸ் ஏறி இறங்கி, ஏறி இறங்கி ஓடி, ஒரு இஸ்திரிப் பெட்டியைச் செருகியதும் ஒழுங்காகிவிட்டால் அனேகமாகப் பைலட் ஜெட். லோடு இல்லாதபோது, எஞ்சினுக்குப் போகும் கலவையைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் தட்டு கிட்டத்தட்ட மூடியிருக்கும். எஞ்சின் பைலட் ஜெட் வழியாக வரும் பெட்ரோலை நம்பித்தான் ஓடும். அது அடைத்திருந்தால் வேகம் விழும், வேகத்தை ஒரே அளவில் வைக்கும் கவர்னர் உடனே த்ராட்டிலைத் திறக்கும், மெயின் ஜெட்டில் பெட்ரோல் வந்து வேகம் கூடும், கவர்னர் மறுபடி மூடும். இந்தச் சுற்றைப் பார்த்துவிட்டுக் கவர்னர் கெட்டுவிட்டது என்று அதன் ஸ்பிரிங்கை இழுத்து மாற்றுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். பிறகு வோல்டேஜும் போகும், வீட்டு டிவியும் போகும்.

பத்துப் பதினைந்து நிமிடம் நன்றாக ஓடி நின்றால் டேங்க் மூடியைக் கொஞ்சம் தளர்த்தி ஓட்டிப் பாருங்கள். தொடர்ந்து ஓடினால் மூடியிலுள்ள காற்றுத் துளைதான் அடைத்திருக்கிறது. ஏர் ஃபில்டர் பெட்டியையும் திறந்து பாருங்கள். கிடப்பில் இருந்த மெஷினில் குளவிக் கூடு இருப்பது சாதாரணம்.

அடைப்பு எங்கிருந்து வருகிறது

கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தில் எப்போதும் கொஞ்சம் பெட்ரோல் நிற்கும். வாரக்கணக்கில் நின்றால் அதில் எளிதில் ஆவியாகும் பகுதி போய்விடும். மிச்சம் காற்றோடு சேர்ந்து பழுப்பு நிறப் பிசினாக மாறி, உலர்ந்த வார்னிஷ் மாதிரி பித்தளை ஜெட்டுகளில் ஒட்டிக்கொள்ளும். இது ஒரு வகை.

நம் ஊரில் அதைவிட அதிகம் தொந்தரவு கொடுப்பது தண்ணீர். மழைக்கால ஈரக் காற்று பாதி காலியான டேங்கின் உள்சுவரில் வியர்த்து அடியில் இறங்கும். தெருவோரத்தில் பாட்டிலில் வாங்கும் பெட்ரோலில், பாட்டிலைக் கழுவி ஊற்றியவர் விட்ட தண்ணீரும் சேர்ந்து வரும். தண்ணீர் பெட்ரோலைவிடக் கனம் என்பதால் நேராகக் கிண்ணத்தின் அடியில் போய் உட்காரும். மெயின் ஜெட் உறிஞ்சும் இடத்துக்கு அது எட்டியதும் எஞ்சின் நின்றுவிடும். நாள் கடந்தால் கிண்ணத்தில் வெள்ளைப் பொடியும் ஜெட்டில் பச்சைக் களிம்பும் பிடிக்கும். பிசின் கரையும், இந்த வெள்ளை அரிப்பு கரையாது, சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

தேவையானவை

10 நம்பர் ஸ்பேனரும் பாக்ஸும், ஒரு பிளஸ் ஸ்குரூ டிரைவர், மெயின் ஜெட்டின் வெட்டில் முழு அகலத்துக்கும் உட்காரும் ஒரு தட்டை ஸ்குரூ டிரைவர், மூக்குக் குறடு, கார்புரேட்டர் கிளீனர் ஸ்பிரே ஒன்று, காது குடையும் பஞ்சுக் குச்சி, வெள்ளைத் தட்டு. ஜெட் துளைக்கு, பல இழை மின்வயரைச் சீவி எடுத்த ஒற்றைச் செம்பு இழை. வீட்டு வயர்களில் இந்த இழை பெரும்பாலும் 0.2 மில்லிமீட்டர் இருக்கும். 70 என்று எண் போட்ட மெயின் ஜெட்டின் துளை சுமார் 0.7 மில்லிமீட்டர். ஊக்கு, தையல் ஊசி, எஃகுக் கம்பி எதையும் விடாதீர்கள். பித்தளை மென்மையானது, துளை ஒரு துளி பெரிதானாலும் அதன்பின் எஞ்சின் கரும்புகை கக்கும், பெட்ரோல் குடிக்கும்.

ஸ்பிரே கிடைக்காவிட்டால் புதுப் பெட்ரோலே போதும், நேரம் அதிகமாகும். தின்னரில் ஊறவைப்பதாக இருந்தால் ரப்பர், பிளாஸ்டிக் எல்லாவற்றையும் கழற்றிய பிறகு வெறும் உலோக உடலை மட்டும் ஊறவையுங்கள். எலுமிச்சைச் சாற்றில் கொதிக்க வைக்கும் வைத்தியம் வேண்டாம். இந்த உடல் துத்தநாகக் கலவை அல்லது அலுமினியக் கலவை, அமிலம் அதைத் தின்னும்.

வேலையைப் பகலில், வெளியில் வைத்துக்கொள்ளுங்கள். கரண்ட் போன இரவில் மெழுகுவர்த்தியைப் பக்கத்தில் வைத்து கார்புரேட்டர் திறப்பது வீட்டையே கொளுத்தும் வழி. சுருட்டு பிடிப்பவர் பத்தடி தள்ளி நிற்கட்டும். எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். ஸ்பிரே சின்னத் துளைக்குள் அடித்தால் மறுவழியாக முகத்துக்கே திரும்பிவரும், அதனால் கண்ணுக்குக் கண்ணாடி அவசியம்.

கழற்றுவது

பெட்ரோல் டேப்பை மூடுங்கள். கிண்ணத்தின் பக்கவாட்டில் சாய்வாக இருக்கும் வடிகால் போல்ட்டை 10 நம்பரால் தளர்த்தி, வரும் பெட்ரோலைக் கண்ணாடி டம்ளரில் பிடியுங்கள். ஐந்து நிமிடம் அசையாமல் வையுங்கள். அடியில் தனியாக உருண்டு நிற்கும் தெளிந்த முத்துகள் தண்ணீர். அவை தெரிந்தால் டேங்கையும் காலி செய்தாக வேண்டும்.

ஏர் ஃபில்டர் மூடியை எடுத்து, பெட்டியைப் பிடித்திருக்கும் இரண்டு 10 நம்பர் நட்டுகளையும் கீழே இருக்கும் போல்ட்டையும் கழற்றினால் பெட்டி வந்துவிடும். இங்கே நின்று, எல்லாப் பக்கத்திலிருந்தும் போனில் நாலைந்து படம் எடுத்துக்கொள்ளுங்கள். கவர்னர் கையிலிருந்து த்ராட்டில் நெம்புகோலுக்கு ஒரு கம்பியும், அதை ஒட்டி மிக மெல்லிய ஸ்பிரிங் ஒன்றும் ஓடும். எது எந்தத் துளையில் மாட்டியிருக்கிறது என்பது படத்தில் தெளிவாக இருக்க வேண்டும்.

பெட்ரோல் ஹோஸைப் பிடுங்கிவிட்டு, கார்புரேட்டரை இரண்டு நீண்ட ஸ்டட்டுகளின் மேல் மெதுவாக வெளியே இழுங்கள். முக்கால் பங்கு வந்ததும் உடலைச் சற்றுத் திருப்பினால் கம்பி தானாகக் கழன்றுகொள்ளும். ஸ்பிரிங்கை இழுக்காமல் கொக்கியைத் தூக்கி எடுங்கள். அது ஒருமுறை நீண்டால் கதை முடிந்தது. எஞ்சின் பக்கமிருந்து வரிசை இப்படி இருக்கும்: ஒரு பேக்கிங், தடித்த கறுப்பு இன்சுலேட்டர், இன்னொரு பேக்கிங், கார்புரேட்டர், மூன்றாவது பேக்கிங், ஏர் ஃபில்டர். மூன்று பேக்கிங்கும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் துளைகள் வேறு. மாற்றிப் போட்டால் சின்னக் காற்று வழிகள் மூடிக்கொள்ளும். அதனால் கழற்றிய வரிசையிலேயே ஒரு கம்பியில் கோத்து வையுங்கள்.

திறந்து சுத்தம் செய்வது

அடி போல்ட்டைக் கழற்றினால் கிண்ணம் வரும். கிண்ணத்தைச் சுற்றியுள்ள ரப்பர் வளையத்தைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். கிளீனர் பட்டால் உப்பிப்போய்த் தன் பள்ளத்தில் உட்காராது. அப்படி உப்பிவிட்டால் வெயிலில் சிறிது நேரம் போடுங்கள், பெரும்பாலும் சுருங்கிவிடும்.

ஃபுளோட்டின் குறுக்கே ஒரு ஊசி அச்சு இருக்கும். அதை மூக்குக் குறடால் இழுத்தால் ஃபுளோட்டும், அதில் தொங்கும், பெட்ரோல் வரும் வழியைத் திறந்து மூடும் நீடிலும் சேர்ந்து வரும். நீடிலின் கூம்பு முனையை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். வளையமாகத் தேய்ந்த கோடு இருந்தால் பெட்ரோல் நிற்காமல் வழியும், மாற்றத்தான் வேண்டும். ஃபுளோட்டைக் காதருகே ஆட்டிப் பாருங்கள். உள்ளே பெட்ரோல் குலுங்கினால் ஓட்டை, அதுவும் குப்பைக்கு.

நடுவில் நிற்கும் கோபுரத்துக்குள் மெயின் ஜெட் இருக்கிறது. சிறிய ஸ்குரூ டிரைவர் போட்டு வெட்டை மழுக்கிவிட்டால் பிறகு எடுக்கவே முடியாது. அகலமானதை நேராக அழுத்தி ஒரே திருப்பில் தளர்த்துங்கள். இறுகியிருந்தால் கிளீனர் அடித்து அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். ஜெட் வந்ததும் உடலைத் தலைகீழாகத் தட்டினால் பக்கத்தில் துளைகளோடு கூடிய ஒரு பித்தளைக் குழாய் விழும். அதை எமல்ஷன் டியூப் என்பார்கள். பலர் ஜெட்டை மட்டும் சுத்தம் செய்து இதை உள்ளேயே விட்டுவிடுவார்கள். இதன் பக்கத் துளைகள் அடைத்திருந்தால் லோடு போடும்போது எஞ்சின் திணறும்.

பைலட் ஜெட் கண்ணில் படாத இடத்தில் இருப்பதால்தான் பெரும்பாலான வீட்டுச் சர்வீஸ் பாதியில் நிற்கிறது. உடலின் மேல்பக்கம், ஐடில் ஸ்குரூவின் (த்ராட்டில் எவ்வளவு மூடலாம் என்று நிறுத்தும் திருகு) தலைக்குக் கீழே, கறுப்பு பிளாஸ்டிக் தலையோடு செருகியிருக்கும். ஐடில் ஸ்குரூவை எத்தனை சுற்று என்று எண்ணியபடி கழற்றிவிட்டு, பிளாஸ்டிக் தலையைத் தட்டை ஸ்குரூ டிரைவரால் இரண்டு பக்கமும் மாறி மாறி நெம்பினால் ரப்பர் வளையத்தோடு மேலே வரும். இதன் துளை மெயின் ஜெட்டில் பாதிதான் இருக்கும். வானத்தை நோக்கிப் பிடித்துப் பாருங்கள்: உருண்டையான, கூர்மையான ஒளிப்புள்ளி தெரிய வேண்டும். ஓரம் மங்கலாகவோ அரைவட்டமாகவோ தெரிந்தால் இன்னும் பிசின் இருக்கிறது. கிளீனரில் ஊறவிட்டு, செம்பு இழையை விட்டு இழுத்து, மறுபடி பாருங்கள். லேசாக வெளிச்சம் தெரிந்தால் போதும் என்று விட்டுவிட்டால் ரேஸ் ஏறி இறங்குவது அப்படியே தொடரும்.

சிலவற்றில் பக்கவாட்டில் ஸ்பிரிங்கோடு பைலட் ஸ்குரூ இருக்கும். மெதுவாக உள்ளே திருப்பி, முட்டும்வரை எத்தனை சுற்று என்று எழுதி வைத்துக்கொண்டு பிறகு வெளியே எடுங்கள். முட்டியபின் அழுத்தினால் முனை கெடும். மூடி போட்டு அடைத்திருந்தால் விட்டுவிடலாம்.

இப்போது உடலின் வழிகள். கார்புரேட்டரின் காற்று நுழையும் வாயில் சின்னச் சின்னத் துளைகள் தெரியும். எஞ்சின் பக்கம் த்ராட்டில் தட்டை ஒட்டி இன்னும் சில ஊசித் துளைகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஸ்பிரேக் குழாயை வைத்து அடித்து, மறுபுறம் எங்கே வெளிவருகிறது என்று கண்ணால் பாருங்கள். பைலட் ஜெட் துளையில் அடித்தால் த்ராட்டில் அருகே பீய்ச்ச வேண்டும். எங்கே அடித்தும் வெளியே வரவில்லையென்றால் அந்த வழி அடைத்திருக்கிறது. ஊறவைத்துத் திரும்ப அடியுங்கள். டயர் கடையில் காற்றடித்துக்கொள்ளலாம். ஆனால் நீடில், ஃபுளோட், ரப்பர் எதுவும் உள்ளே இல்லாமல் வெறும் உடலாகக் கொண்டுபோங்கள். வாயால் ஊதிப் பெட்ரோலை விழுங்காதீர்கள்.

நீடில் உட்காரும் இருக்கையைப் பஞ்சுக் குச்சியால் சுழற்றித் துடையுங்கள். குச்சி பழுப்பாக வருவது நிற்கும்வரை துடைக்க வேண்டும். கிண்ணத்து வெள்ளைப் பொடியைப் பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள். அரித்து உலோகமே பள்ளம் விழுந்திருந்தால் மல்லுக்கட்ட வேண்டாம். ஜி.எக்ஸ். 160 அளவுக்குப் புதுச் சீனக் கார்புரேட்டர் எளிதில் கிடைக்கிறது. பழையதைக் கையில் எடுத்துப்போய், ஸ்டட் இடைவெளி, வாய் அகலம், பெட்ரோல் குழாய் திரும்பியிருக்கும் பக்கம் மூன்றையும் ஒப்பிட்டு வாங்குங்கள்.

ஏர் ஃபில்டர் பக்கம் ஸ்பிரே அடித்து எஞ்சினை ஓடவிட்டால் போதும் என்று சிலர் சொல்வார்கள். அது போகும் வழியில் ஜெட்டே கிடையாது. காசுதான் நட்டம்.

மாட்டுவது

கழற்றிய வரிசையின் தலைகீழ். எமல்ஷன் டியூப், அதன் மேல் மெயின் ஜெட். இறுக்கமாக உட்கார்ந்ததும் நிறுத்துங்கள். பைலட் ஜெட்டின் ரப்பர் வளையத்தில் ஒரு சொட்டு எஞ்சின் ஆயில் தடவிச் செருகுங்கள். நீடிலை ஃபுளோட்டில் மாட்டி, இரண்டையும் சேர்த்து இறக்கி, அச்சைப் போடுங்கள்.

கிண்ணத்தை மூடும் முன் ஒரு சோதனை. உடலைத் தலைகீழாகப் பிடித்து, பெட்ரோல் குழாயில் சுத்தமான புது ஹோஸ் மாட்டி லேசாக ஊதுங்கள். ஃபுளோட்டின் எடையில் நீடில் மூடியிருப்பதால் காற்று போகக் கூடாது. நிமிர்த்தினால் தாராளமாகப் போக வேண்டும். தலைகீழாகவும் காற்று போனால் மாட்டிய பிறகு பெட்ரோல் ஒழுகுவது நிச்சயம். ஜி.எக்ஸ். 160-இல் ஃபுளோட் உயரம் 13.7 மில்லிமீட்டர்; பிளாஸ்டிக் ஃபுளோட்டை வளைத்துச் சரிசெய்ய முடியாது, அளவு மாறியிருந்தால் புதிது போட வேண்டும்.

கிண்ண போல்ட்டின் வாஷரை மறக்காதீர்கள். போல்ட்டை மிஞ்சி இறுக்கினால் மரை உருவும். டேப்புக்குக் கீழே சின்னக் கோப்பை இருந்தால் அதையும் 10 நம்பரால் கழற்றி, வலையைக் கழுவி, தண்ணீரைக் கொட்டுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் கார்புரேட்டர் ஒரே வாரத்தில் பழைய நிலைக்கு வந்துவிடும். ஹோஸைப் பாட்டிலில் விட்டு டேப்பைத் திறந்தால் பெட்ரோல் இடைவிடாமல் ஒழுக்காக வர வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் டேங்குக்குள் இருக்கும் வலை அடைப்பு.

இன்சுலேட்டர், பேக்கிங் எல்லாம் கோத்து வைத்த வரிசையில் போட்டு, கம்பியையும் ஸ்பிரிங்கையும் படத்தைப் பார்த்து மாட்டுங்கள். த்ராட்டிலைக் கையால் அசைத்தால் தடையில்லாமல் போய்த் திரும்ப வேண்டும். டேப்பைத் திறந்து இரண்டு நிமிடம் காத்திருங்கள். எங்கும் கசிவு இல்லையென்றால் மட்டும் சோக் போட்டுக் கயிற்றை இழுங்கள்.

ஓட்டிப் பார்ப்பது

வெளியில் வைத்தே ஓட்டிப் பாருங்கள். ரங்கூன் அடுக்குமாடிகளில் மூடிய பால்கனியிலும் மாடிப்படியடியிலும் ஜெனரேட்டர் ஓட்டுகிறார்கள். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூங்குபவர் எழுந்திருக்கமாட்டார்.

ஒரு நிமிடம் சூடானதும் சோக்கைப் படிப்படியாகத் திறவுங்கள். முழுக்கத் திறந்தபின் லோடு இல்லாமல் ஐந்து நிமிடம் ஒரே சத்தத்தில் ஓட வேண்டும். பிறகு ஒரு பல்பு, அதன்பின் ரைஸ் குக்கர். லோடு விழும்போது ஒரு கணம் தணிந்து உடனே நிமிர வேண்டும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு இந்த வகை ஜெனரேட்டர் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்ற வேண்டும். ஹெர்ட்ஸ் காட்டும் மல்டிமீட்டர் இருந்தால் லோடு இல்லாமல் 50-க்குச் சற்று மேலே காட்டுவது சரியான அளவு.

இன்னும் ரேஸ் ஏறி இறங்கினால், செடிக்குத் தெளிக்கும் பம்பால் இன்சுலேட்டர் பேக்கிங்குகளின் மேல் மட்டும் தண்ணீர்ப் புகை அடியுங்கள். சத்தம் மாறினால் அங்கே ஏர் பிடிக்கிறது, பேக்கிங் மாற்றுங்கள். மாறாவிட்டால் பைலட் ஜெட்டை மறுபடி எடுத்துப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. கரும்புகை வந்தால் சோக் தட்டு முழுக்கத் திறக்கிறதா, ஏர் ஃபில்டர் ஆயிலில் ஊறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏர் ஃபில்டரிலிருந்தே பெட்ரோல் சொட்டினால் நீடில் இருக்கையில் தூசி. உடனே டேப்பை மூடுங்கள். வழிந்த பெட்ரோல் சிலிண்டருக்குள்ளும் இறங்கியிருக்கலாம். ஆயிலை முகர்ந்து பாருங்கள், பெட்ரோல் வாடை அடித்தால் ஆயிலை மாற்றாமல் ஓட்டக் கூடாது.

திரும்ப அடைக்காமல் இருக்க

பாட்டில் பெட்ரோலை வாங்கியதும் டேங்கில் கவிழ்க்காதீர்கள். ஒரு மணி நேரம் அசையாமல் வைத்து, அடியைப் பார்த்து, கடைசி இரண்டு விரல் அளவை விட்டுவிட்டு வலைப் புனல் வழியாக ஊற்றுங்கள். அடிக்கடி ஓடாத மெஷினை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கால் மணி நேரம் லோடோடு ஓட்டலாம். ஒரு மாதத்துக்கு மேல் கிடக்கப் போகிறதென்றால், டேப்பை மூடி எஞ்சின் தானே நிற்கும்வரை ஓடவிட்டு, அதன் பிறகும் வடிகால் போல்ட்டைத் திறந்து கிண்ணத்தைக் காலி செய்யுங்கள். எஞ்சின் நின்ற பிறகும் அடியில் கொஞ்சம் மிச்சமிருக்கும், பிசினாவது அதுதான். டேங்கில் இருப்பதை மோட்டார் சைக்கிளில் ஊற்றி ஓட்டித் தீர்த்துவிடலாம், தண்ணீர் கலந்திருந்தால் மட்டும் அதில் ஊற்றாதீர்கள்.